அந்தக் கூடைகள் யாருடையவை?

"மேடம், அந்த மூணு பேரோட பேர் என்ன?"

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வந்த முதல் கேள்வி இதுதான். கேட்டவள் முதுகலை இரண்டாமாண்டு மாணவி. 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தை நான் குறைந்தது எட்டு முறை பார்த்திருப்பேன். குறிப்பெடுத்திருக்கிறேன், பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் பதில் சொல்லத் திணறினேன். பெயர்கள் எனக்குத் தெரியும். ஆனால் அவற்றைப் புத்தகங்களிலிருந்துதான் தெரிந்துகொண்டிருந்தேன். படத்தில் போகிற போக்கில் ஒன்றிரண்டு பெயர்கள் வந்துபோயிருக்கலாம். எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்று படத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அதே படத்தில் வரும் பிரெஞ்சுக் கர்னலின் பெயரைக் கேட்டிருந்தால் வகுப்பில் பாதிப் பேர் "மாத்யூ" என்றிருப்பார்கள்.

நான் இதை முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாவட்டத் தலைநகரின் திரைப்படச் சங்கத்தில். நெளியும் துணித்திரை, மின்விசிறிச் சத்தம், நாற்பது பேர். அதில் நாங்கள் நான்கு பேர் பெண்கள். படம் முடிந்தபின் தேநீருடன் இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. பென் மஹீதியின் வாதங்களைப் பற்றிப் பேசினார்கள். கெரில்லா அமைப்பின் முக்கோண வடிவத்தைச் சாக்பீஸால் சுவரில் வரைந்து காட்டினார் ஒருவர். மாத்யூவின் தர்க்கத்தில் இருக்கும் நேர்மையை இன்னொருவர் வியந்தார். கடைசியில் யாரோ, "பெண்களின் பங்களிப்பையும் படம் சிறப்பாகக் காட்டியிருக்கிறது" என்று ஒரு வரி சொன்னார். எல்லோரும் எங்கள் நால்வரையும் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அன்று எனக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கும். அதனால்தான் அதனோடு சண்டை போடுகிறேன்.

படம் எந்தப் போரைச் சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830 முதல் அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போரைத் தொடங்கியது. முதலில் மலைகளிலும் கிராமங்களிலும் நடந்த போர் 1956இல் தலைநகர் அல்ஜியர்ஸுக்குள் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 இரவு, அரேபியர் வாழும் கஸ்பா பகுதியின் தேப் தெருவில் பிரெஞ்சுத் தீவிரவாதிகள் வைத்த குண்டு உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களைப் புதைத்தது. செப்டம்பர் 30 அன்று முன்னணியைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் ஐரோப்பியர் பகுதிக்குள் போய் 'மில்க் பார்', 'கஃபெதேரியா', ஏர் பிரான்ஸ் அலுவலகம் ஆகிய மூன்று இடங்களில் குண்டு வைத்தார்கள். 1957 ஜனவரியில் ஜெனரல் மாஸ்ஸூவின் பத்தாவது பாராசூட் படைப்பிரிவிடம் நகரின் காவல் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மாதம் 28ஆம் தேதி முன்னணி அறிவித்த எட்டு நாள் வேலைநிறுத்தத்தைப் படை கடைகளின் கதவுகளைப் பெயர்த்து முறியடித்தது. பிறகு கைதுகள், சித்திரவதைகள். அப்போது அல்ஜியர்ஸ் காவல் நிர்வாகத்தில் உயர் பொறுப்பில் இருந்து, மனசாட்சி பொறுக்காமல் பதவி விலகிய போல் தெத்ஜென், காணாமல் போனவர்கள் என்று வைத்திருந்த கணக்கு 3,024. அக்டோபர் 8 அன்று கஸ்பாவின் ஒரு வீட்டில் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த அலி லா புவான்டையும் அவரோடு இருந்தவர்களையும் வீட்டோடு தகர்த்தார்கள். அல்ஜியர்ஸில் பிரான்ஸ் வென்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1962இல், அல்ஜீரியாவையே இழந்தது.

இதை 1965இல் அதே தெருக்களில், அதே மக்களை நடிக்க வைத்துப் படமாக்கினார் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொண்டெகொர்வோ. செய்திப்படத்திலிருந்து ஓர் அடிகூட எடுக்கவில்லை. ஆனாலும் முழுப்படமும் செய்திப்படம் போலவே இருக்கும். 1966இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது.

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன். மூன்று பெண்கள் கண்ணாடி முன்னால் நிற்கிறார்கள். உடல் முழுவதையும் மூடும் வெள்ளை ஹாயிக் துணியைக் களைகிறார்கள். ஒருத்தி தன் நீண்ட கூந்தலை வெட்டுகிறாள். உதட்டுச் சாயம், குட்டைப் பாவாடை. பின்னணியில் ஒரு மேளம், இதயத் துடிப்பு வேகமெடுப்பது போல. அந்தக் காட்சிக்கு எழுதி வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டு மேளத்தை வைத்ததாகப் பொண்டெகொர்வோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய திரைக்காதுக்கு அது சரியான முடிவு, அதில் சந்தேகமே இல்லை. எந்தத் திரைப்படக் கல்லூரியில் கேட்டாலும் அந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவார்கள். பிறகு ஜாஃபர் உள்ளே வருகிறார், மூவரையும் ஏற இறங்கப் பார்க்கிறார், திருப்தியாகிறார். எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்கு வெடிக்கும் என்று சொல்கிறார். அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் அவர்களிடம் வழிகிறார்கள், சோதிக்காமல் விடுகிறார்கள்.

இந்த மூவரும் ஏன் வந்தார்கள்? யார் வீட்டுப் பெண்கள்? முந்தைய இரவு தூங்கினார்களா? படத்துக்குத் தெரியாது. சிறுதிருடனாக இருந்த அலி எப்படிப் போராளியானான் என்பதற்குச் சிறையையும் அங்கே கில்லட்டினில் தலை துண்டிக்கப்படுவதை ஜன்னல் வழியே அவன் பார்ப்பதையும் தந்த படம், இவர்களுக்குத் தந்தது ஒரு கண்ணாடியை மட்டும்.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொரு இடம். கைதான பென் மஹீதியைப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்துகிறார்கள். அப்பாவிகளைக் கொல்ல உங்கள் பெண்களின் கூடைகளையும் பைகளையும் பயன்படுத்துவது கோழைத்தனம் இல்லையா என்று ஒரு நிருபர் கேட்கிறார். நிராயுதபாணியான கிராமங்கள் மேல் நேபாம் வீசுவது அதைவிடக் கோழைத்தனம் இல்லையா, உங்கள் விமானங்களை எங்களுக்குத் தாருங்கள், எங்கள் கூடைகளைத் தந்துவிடுகிறோம் என்ற பொருளில் பதில் வருகிறது. அரங்கத்தில் எப்போதும் கைதட்டல் விழும் இடம் அது. நானும் தட்டியிருக்கிறேன். காலனிய வன்முறையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் கேள்வியில் 'உங்கள் பெண்களின் கூடைகள்' என்று இருந்தது பதிலில் 'எங்கள் கூடைகள்' ஆகிவிட்டதைக் கவனிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கேட்டவர் ஆண், சொன்னவர் ஆண், இடையில் நின்றது கூடை. சுமந்தவள் அந்த அறையில் இல்லை.

ஜாஃபராக நடித்தவர் யாசெஃப் சாதி. அல்ஜியர்ஸில் முன்னணியின் குண்டு வலைப்பின்னலை உண்மையிலேயே நடத்தியவர் அவர்தான். அவருடைய நினைவுக்குறிப்புதான் படத்துக்கு அடிப்படை. படத்தைத் தயாரித்தவரும் அவரே. 1956இல் அந்தப் பெண்களை அனுப்பியவர், 1965இல் அவர்கள் அனுப்பப்பட்ட கதையைச் சொல்லும் உரிமையையும் வைத்திருந்தார். சதி எதையும் நான் இதில் பார்க்கவில்லை. தளபதிகள் எழுதும் எல்லா நினைவுக்குறிப்புகளும் இப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு யாரை எங்கே அனுப்பினோம் என்பது நினைவிருக்கும். போனவளின் கைகள் வியர்த்ததா என்பது நினைவிருக்காது.

அடுத்தது கர்னல் மாத்யூ. படத்தில் தொழில்முறை நடிகர் அவர் ஒருவர்தான். நடித்த ழான் மார்த்தான், அல்ஜீரியப் போரை எதிர்த்த அறிவாளிகளின் அறிக்கையில் கையெழுத்திட்டவர். அதற்காகப் பிரான்சில் வாய்ப்புகளை இழந்தவர். எதிரியைக் கார்ட்டூனாக்காமல் பேசவிட்டது பொண்டெகொர்வோவின் பெருந்தன்மை என்று எல்லோரும் பாராட்டுவார்கள். பிரான்ஸ் அல்ஜீரியாவில் இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் அதற்கான விளைவுகளையும் ஏற்க வேண்டும் என்று அவர் நிருபர்களைப் பார்த்துச் சொல்லும் காட்சியின் அறிவுக்கூர்மை அபாரமானது. ஆக, இந்தப் படத்தில் சித்திரவதை செய்யும் தரப்புக்குத் தத்துவம் இருக்கிறது. போராளி ஆணுக்கும் தத்துவம் இருக்கிறது. பெண்ணுக்கு மேளம் இருக்கிறது, குலவை இருக்கிறது.

ஆம், குலவை. கஸ்பாவின் மாடிகளிலிருந்து இருட்டில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலியைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் அம்மன் கோயில்தான் நினைவுக்கு வரும். நடவு வயலிலும் முளைப்பாரி ஊர்வலத்திலும் எங்கள் பெண்கள் இடுவதும் இதுதான். குலவைக்குச் சொற்கள் கிடையாது. பிரெஞ்சுச் சிப்பாய்களின் வயிற்றைக் கலக்கும் அந்த ஒலியின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு படம் முழுக்கப் பெண்களின் தொண்டையிலிருந்து குலவையை எடுத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடுவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மௌனம் எனக்கு வெறும் அழகியல் பிரச்சினையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

படம் சித்திரவதையில்தான் தொடங்குகிறது. அடிபட்டு உடைந்துபோன ஓர் ஆண், அலியின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்கிறான். பின்னால் தேவாலய இசை போன்ற ஒன்றின் மேல் மின்சாரம், தண்ணீர், நெருப்பு எல்லாம் வரிசையாக வருகின்றன. அந்த உடல்கள் ஆண்களுடையவை. பெண்கள் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். சித்திரவதைக்கூடத்தில் பெண்களுக்கு நடந்தது படத்தில் இல்லை.

படம் எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சமாதானம் சொல்ல வழியில்லை. 1960 பிப்ரவரியில் கைதான ஜமீலா பூபாஷா, தான் சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானதை வழக்காகவே தொடுத்தார். வழக்கறிஞர் ஜிஸேல் அலீமி அந்த வழக்கை நடத்தினார். அந்த ஆண்டு ஜூனில் சிமோன் த பொவ்வார் 'லெ மோந்த்' நாளிதழில் அவருக்காக எழுதினார். பூபாஷாவின் உடலில் பாட்டிலைத் திணித்ததைச் சொல்லும் இடத்தில் 'யோனி' என்ற சொல் வேண்டாம், 'வயிறு' என்று போடலாமே என்று பத்திரிகை கேட்டுக்கொண்டது. சிப்பாய்கள் செய்ததை ஒரு நாளிதழில் அச்சிடலாம், செய்த இடத்தின் பெயரை அச்சிடக் கூடாது. 1962இல் அந்த வழக்கு புத்தகமாக வந்தது. பிக்காஸோ பூபாஷாவின் முகத்தை வரைந்தார். இவ்வளவும் பொண்டெகொர்வோ கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் நடந்தவை.

வன்புணர்ச்சியைத் திரையில் காட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காட்டாமல் விட்டதற்காக ஒருவகையில் நன்றிகூடச் சொல்வேன். அந்த மாதிரிக் காட்சிகளை நம் சினிமாவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. மாத்யூவின் நிருபர் கூட்டத்தில், விமானத்தையும் கூடையையும் கேட்ட அந்த நிருபர்களில் ஒருவர், கைதான பெண்கள் எங்கே என்று கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வி நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தது. 1957 செப்டம்பரில் காயத்தோடு பிடிபட்ட லூயிஸெத் இகிலஹ்ரிஸ் என்ற பெண் போராளி, மாஸ்ஸூவின் படைப்பிரிவுத் தலைமையகத்தில் தனக்கு நேர்ந்ததை 2000 ஜூனில் அதே 'லெ மோந்த்' நாளிதழில் சொன்னார். வன்புணர்ச்சி உட்பட. பழிவாங்கும் நோக்கத்தில் அவர் பேசத் தொடங்கவில்லை. அங்கிருந்து தன்னை மருத்துவமனைக்கு மாற்றிக் காப்பாற்றிய ஒரு பிரெஞ்சு ராணுவ மருத்துவரைத் தேடி நன்றி சொல்ல வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்த மாஸ்ஸூ வருந்துவதாகச் சொன்னார். கர்னல் மாத்யூ பாத்திரத்துக்கு முன்மாதிரிகளில் ஒருவர் என்று சொல்லப்படும் பிஜார், எல்லாம் பொய் என்றார். பிரான்ஸ் முழுக்க விவாதம் வெடித்தது. எனக்கு அதிகம் வலித்தது அல்ஜீரியாவுக்குள் எழுந்த முணுமுணுப்பு. அவருடைய சொந்தத் தரப்பிலேயே, இதையெல்லாம் ஒரு பெண் வெளியில் சொல்லலாமா என்றார்கள். அவர் போராளியே இல்லை என்று சொல்லவும் ஆள் இருந்தது. துப்பாக்கிக் காயத்தைக் காட்டலாம், அது பதக்கம். இந்தக் காயத்தைக் காட்டினால் நாட்டுக்கே அவமானம்.

சரி, பெண்கள் தாங்களே பேசினால் எப்படி இருக்கும்? மில்க் பாரில் குண்டு வைத்த ஸோரா த்ரீஃப் 2013இல் பிரெஞ்சில் தன் நினைவுக்குறிப்பை வெளியிட்டார். 2017இல் ஆங்கிலத்தில் வந்தபோது ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். 1956இல் அவர் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த மாணவி. அவருடைய தோழி சாமியா லக்தாரியும் அப்படியே. படத்தில் ஜாஃபர் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார். புத்தகத்திலோ இந்த இருவரும்தான் முன்னணியைத் தேடி அலைகிறார்கள். ஆயுதப் பணியில்தான் சேருவோம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். முடிவு அவர்களுடையது.

இன்னொரு விவரம் என்னை நாற்காலியை விட்டு எழ வைத்தது. கஃபெதேரியாவுக்கு சாமியா தனியாகப் போகவில்லை. கூடவே அவளுடைய அம்மாவும் போனாள். கைப்பையில் குண்டோடு போகும் மகளுக்குத் துணையாகத் தாய். மகள் கல்லூரிக்குப் பேருந்து ஏறும்வரை நிறுத்தத்தில் நிற்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டு நடந்திருப்பாள்? உலக சினிமாவின் மாபெரும் காட்சிகளில் ஒன்றாக அந்த நடை இருந்திருக்கலாம். படத்தில் அவள் இல்லை. வெட்டிய கூந்தலும் குட்டைப் பாவாடையும் திரைக்குக் கொடுக்கும் கவர்ச்சியை ஒரு நடுவயதுத் தாய் கொடுக்க மாட்டாள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஏர் பிரான்ஸ் அலுவலகத்துக்கு ஜமீலா பூஹிரெத் கொண்டுபோன குண்டு வெடிக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் குண்டடி பட்டுப் பிடிபட்டார். சித்திரவதை, பிறகு மரண தண்டனை. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. த்ரீஃபும் ஹசீபா பென் பூஅலியும் 1957இல் கஸ்பாவில் வீடு வீடாக மாறி ஒளிந்திருந்தார்கள். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்தப் பக்கங்கள்தான். ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள், கிணறு, மாடிக்கு மாடி தாண்டும் பெண்கள், தங்கள் குழந்தைகளின் பங்கிலிருந்து எடுத்து இவர்களுக்குச் சோறு போட்டவர்கள். பிடிபட்டால் அவர்களுக்கும் அதே கதிதான். அவர்கள் யாருக்கும் சிலை இல்லை. 1957 ஜனவரியில் பதினேழு வயதில் தானும் குண்டு வைத்து, பிற்காலத்தில் வரலாற்று ஆய்வாளரான ஜமீலா அம்ரான், போராளிகள் அமைச்சகத்தின் கோப்புகளைக் கிளறிப் பதிவான பெண் போராளிகள் 10,949 பேர் என்று கணக்கிட்டார். அவர்களில் குண்டு வைத்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் அடைக்கலம் கொடுத்தவர்கள், சமைத்தவர்கள், மருந்தும் சேதியும் பணமும் சுமந்தவர்கள். பதிவு செய்யச் சாட்சியும் காகிதமும் வேண்டும் என்பதால் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் அந்தக் கணக்குக்கு வெளியிலேயே நின்றார்கள். விடுதலைக்கும் அடுப்புக்கும் இருக்கும் உறவை எந்த அமைச்சகம் பதிவு செய்யும்!

ஹசீபாவுக்கு அக்டோபர் 8 அன்று பத்தொன்பது வயது. அலியுடன் அந்தச் சுவருக்குப் பின்னால் இறந்தவர்களில் அவரும் ஒருவர். படம் அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது. இருட்டில் அகன்ற கண்கள். அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, நான் தவிர்க்க நினைத்த இடத்துக்கு வந்தாக வேண்டும். படத்தில் குண்டு வெடிப்பதற்கு முன் கேமரா அந்தக் கடைகளில் இருப்பவர்களின் முகங்களை மெதுவாகச் சுற்றி வருகிறது. ஒரு குழந்தை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருக்கிறது. பொண்டெகொர்வோவின் நேர்மைக்கு இந்த ஒரு ஷாட் போதும். உண்மையிலும் மில்க் பாரில் அன்று ஒரு சிறுமி இருந்தாள். டேனியல் மிஷெல்-ஷிஷ், வயது ஐந்து, பாட்டியோடு ஐஸ்கிரீம் சாப்பிட வந்தவள். பாட்டி இறந்தார். குழந்தை ஒரு காலை இழந்தது. வளர்ந்து பத்திரிகையாளராகவும் பெண்ணியவாதியாகவும் ஆன அவர், 2012இல் ஸோராவுக்கு எழுதும் கடிதமாக ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார். அதே ஆண்டு மார்செய் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து த்ரீஃபிடம் நேரடியாகப் பேசினார். என்னிடம் கேட்காதீர்கள், என் நாட்டை அடிமைப்படுத்திய பிரெஞ்சு அதிகாரத்திடம் கேளுங்கள் என்பதுதான் த்ரீஃப் சொன்ன பதிலின் சாரம்.

த்ரீஃபின் பதிலில் நியாயம் இருக்கிறது. தேப் தெருவில் புதைந்த குழந்தைகளுக்காக யாரும் மார்செயில் எழுந்து கேட்கவில்லை. 130 ஆண்டு ஆக்கிரமிப்பை ஒரு குண்டோடு எடை போட முடியாது. அப்படியே இருந்தும் அந்தப் பதிலைப் படித்தபோது, கூடைக் கேள்விக்குப் பென் மஹீதி சொன்ன பதிலையே மறுபடி கேட்பது போலிருந்தது. அறுபது ஆண்டுகளாகத் தளபதிகள் சொல்லிவரும் மொழி. த்ரீஃபின் புத்தகம் முழுவதிலும் எனக்குக் குறையாகப்பட்டது இதுதான். முற்றத்துப் பெண்களைப் பற்றி எழுதும்போது இருக்கும் ஈரம், மில்க் பாருக்குள் நுழையும்போது காய்ந்துவிடுகிறது. அந்தக் கடையில் அவர் உட்கார்ந்திருந்த நிமிடங்களைப் பற்றி அவர் மட்டுமே சொல்லக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். வருத்தம் தெரிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இருபது ஆண்டு கடுங்காவல் தண்டனை பெற்று, விடுதலை வரும்வரை சிறையில் கிடந்தவரிடம் அப்படிக் கேட்க நான் யார்? ஆனால் 'ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தையை நானும் பார்த்தேன்' அல்லது 'பார்க்கவில்லை' என்று ஒரு வரி. அந்த வரியைப் பொண்டெகொர்வோ அவர் சார்பில் படத்தில் எழுதிவிட்டார். அவர் புத்தகத்தில் அது இல்லை.

பெண்ணியவாதிகளான நாம் இந்த இடத்தில் அவசரப்பட்டு வீராங்கனைகளைத் தத்தெடுத்துக்கொள்கிறோம். குண்டு வைத்த மூவரைச் சுவரொட்டியில் போடுவது சுலபம். மில்க் பாரில் இருந்த சிறுமியும் பெண்தான், அவளும் நம் வாசகிதான் என்பதை வைத்துக்கொண்டு எழுதுவது சுலபமாக இல்லை.

முகத்திரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபிரான்ஸ் ஃபனான் 1959இல் எழுதிய கட்டுரையில், திரையைக் களைந்தும் அணிந்தும் அல்ஜீரியப் பெண் காலனியவாதியை ஏமாற்றியதைக் கொண்டாடியிருப்பார். நல்ல கட்டுரை. அதில் பெண்ணின் உடல் என்ன உணர்கிறது என்பதையும் ஃபனானே சொல்லிவிடுவார். 1958 மே மாதம் அல்ஜியர்ஸின் பொதுச் சதுக்கத்தில், பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் முன்னிலையில், அல்ஜீரியப் பெண்களின் திரையைக் களையும் சடங்குகள் நடந்தன. அங்கேயும் கேமராக்கள் இருந்தன. நோக்கங்கள் எதிரெதிரானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களையும் கணத்தைப் பார்க்கும் ஆசை இரு தரப்புக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. படத்திலேயே இதற்கு ஒரு நகைச்சுவை மாற்று உண்டு. ஜாஃபரும் தோழர்களும் ஹாயிக் போர்த்திக்கொண்டு தப்பப் பார்க்கும்போது கீழே தெரியும் காலணிகள் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்கள் அந்தத் துணிக்குள் புகுந்து வெளியே வருவதைப் படமாக்கியபோது கண்ணாடியும் இல்லை, மேளமும் இல்லை.

வென்ற பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கும் என்று மொட்டைமாடியில் பென் மஹீதி அலியிடம் சொல்வார். அவர்கள் இருவருமே அதைப் பார்க்க உயிரோடில்லை. பென் மஹீதி 1957 மார்ச்சில் காவலில் கொல்லப்பட்டார். தற்கொலை என்று அன்று சொன்ன பிரான்ஸ், தன் ராணுவத்தினர்தான் கொன்றார்கள் என்று ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் ஆயிற்று. வெற்றிக்குப் பிந்தைய கஷ்டத்தைப் பார்த்தவர்கள் பெண்கள். 1962இன் அரசியல் நிர்ணய சபையில் பத்துப் பெண்கள் இருந்தார்கள், த்ரீஃப் உட்பட. படத்தின் கடைசிக் காட்சியில், 1960 டிசம்பர் ஆர்ப்பாட்டத்தில், ஒரு பெண் கொடியை அசைத்தபடி போலீஸ் வரிசையை நோக்கி ஆடிக்கொண்டே முன்னேறுவாள். அவளுக்கு அப்போது இருபது வயது என்று வைத்துக்கொண்டால், குடும்பச் சட்டம் வந்த 1984இல் நாற்பத்து நாலு. அந்தச் சட்டப்படி மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். வயது வந்த பெண்ணும் திருமணம் செய்துகொள்ள ஆண் பாதுகாவலர் வேண்டும். பலதார மணம் செல்லும். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த வரைவு வந்தபோதே முன்னாள் பெண் போராளிகள் தெருவில் இறங்கினார்கள். முதல் முறை பின்வாங்கிய அரசு, பிறகு நிறைவேற்றிவிட்டது. கீழ்ப்படியும் கடமை 2005 திருத்தத்தில் போயிற்று. பாதுகாவலர் போகவில்லை. படத்துக்கும் சட்டத்துக்கும் முடிச்சுப் போடுவது அநியாயம் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் போரில் எந்த முடிவையும் எடுக்காதவளாகப் பெண்ணை நினைவில் வைத்துக்கொண்ட ஒரு தேசத்துக்கு, திருமணத்திலும் அவள் சார்பில் வேறொருவர் கையெழுத்திடுவது விசித்திரமாகத் தோன்றியிருக்காது.

மறு வாரம் மாணவிகளுக்கு அஸ்ஸியா ஜெபாரின் 'ஷெனுவா மலைப் பெண்களின் நூபா' படத்தைப் போட்டேன். 1977இல் அல்ஜீரியத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. தாய்நாட்டில் முணுமுணுப்போடு வரவேற்றார்கள். 1979இல் வெனிஸில் விமர்சகர்கள் பரிசு கொடுத்தார்கள். நாயகி லைலா ஒரு கட்டடக் கலைஞர். போரில் தொலைந்த தம்பியின் நினைவோடு சொந்த மலைக்குத் திரும்பி, ஜெபாரின் தாய்வழி உறவுப் பெண்களிடம் உட்கார்ந்து கதை கேட்கிறாள். வீடு எரிந்தது, போராளிகளுக்குச் சமைத்துப் போட்டது, உறவுகளை இழந்தது. யாரும் அழகாக இல்லை. யாருக்கும் பின்னால் மேளம் அடிக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த மலைப்பகுதியில் போராளிகளின் வலைப்பின்னலை நடத்தி 1957இல் கொல்லப்பட்ட ஸுலைகாவுக்குப் படம் காணிக்கை. அல்ஜியர்ஸில் பாராசூட் படை வென்றுகொண்டிருந்த அதே ஆண்டு.

லைலாவின் கணவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவன் பெயரும் அலி. வீட்டுக்குள் அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவளோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசுகிறாள்.

பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். பாதியில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். "ரொம்ப ஸ்லோ மேடம்" என்றாள் ஒருத்தி. உண்மைதான். பெயர் கேட்ட மாணவி முன்வரிசையில் இருந்தாள்.

"மேடம், அவங்க வீட்டுக்காரர் எப்பத்தான் பேசுவார்?"

"பேச மாட்டார்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

வகுப்பு ஒரு நொடி அமைதியாக இருந்தது. பிறகு சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ மெல்லக் குலவையிட்டாள்.